எமன் சுவரில் இல்லாத தண்டனை

மாமா தேங்காயைத் தலைக்கு மேல் தூக்கிக் கல்படியில் ஓங்கி அடித்தார். ஒரே அடியில் சரிபாதியாகப் பிளந்தது. ஒரு மூடி உருண்டு போய் யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் செருப்பில் முட்டி நின்றது. தண்ணீர் தெறித்து, எத்தனையோ ராஜாக்கள் மிதித்த அந்தப் படியில் வழிந்து இறங்கியது. தேங்காய் வெள்ளை வெளேரென்று இருந்ததில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். எங்களைத் திரும்பிப் பார்த்து, "பாத்தீங்களா, சாமி ஏத்துக்கிச்சு" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அதே கைதான் என் அக்காவின் கன்னத்தில் இறங்கியது.

இது நடந்தது கம்போடியா தேசத்தில், அங்கோர் வாட் என்று சொல்கிற பெரிய விஷ்ணு கோயிலின் மேற்கு வாசலில். மாமா என்றால் என் அக்கா வீட்டுக்காரர். அவர்களுக்குக் கர்நாடகத்துக் கொள்ளேகால், நாங்கள் பிறந்த ஊரும் அதுதான். பட்டுக்கூட்டை வேகவைத்து நூல் எடுக்கிற வேலை, வீட்டோடு நடக்கிறது. நான் வாழ்க்கைப்பட்டது மைசூரில். ஏழாம் வகுப்போடு நின்றவள். ஊதுபத்தி உருட்டிப் பிள்ளைகளை வளர்த்தேன். என் வீட்டுக்காரர் டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பழனியும் திருப்பதியும்தான் நாங்கள் பார்த்த தூர தேசம். அப்படியிருக்க விமானம் ஏறியது எப்படி என்றால், அக்காவின் மகள் பெங்களூரில் நல்ல வேலையில் இருக்கிறாள். மைசூரிலிருந்து வெளிநாட்டுக் கோயில்களுக்கு ஆட்களைக் கூட்டிப் போகிற ஒரு யாத்திரைக் கம்பெனியில், அப்பா அம்மாவோடு என் பெயரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டாள்.

ஏன் சேர்த்தாள் என்பதை என்னிடம் மட்டும் போனில் சொன்னாள். "சின்னம்மா, நீங்க கூட இருந்தா அப்பா கொஞ்சம் அடக்கி வாசிப்பாரு. அம்மா ஒரு வாரமாவது அடி வாங்காம சாமி பாக்கட்டும். அப்பறம், திரும்பி வந்ததும் கொள்ளேகாலுக்குப் போகாம இருக்கறாளான்னு கேட்டுப் பாருங்க. நான் கேட்டா, பொழைக்கற புள்ள வீட்டுல வந்து உக்காரலாமாங்கறா."

மாமா கை நீட்டுகிறவர். கல்யாணமான வருஷமே ஆரம்பித்துவிட்டது. குழம்பில் உப்பு, நூலில் அறுபடுதல், வந்த விருந்தாளி சிரித்த சிரிப்பு என்று எதுவும் காரணமாகலாம். ஒரு தடவை கூடு வேகிற கொதிதண்ணியில் அவள் இடது கையைப் பிடித்து முக்கினார். முழங்கை வரைக்கும் தோல் உரிந்து, ஆறின பிறகும் சுருக்கம் போகவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் அக்கா, "தண்ணி கொட்டிருச்சுங்க" என்பாள். மாமா பக்தியிலும் குறைந்தவர் இல்லை. அமாவாசை தவறாமல் மாதேஸ்வரன் மலைக்குப் போவார். எந்தக் கோயில் வாசலை மிதித்தாலும் தேங்காய் உடைக்காமல் உள்ளே போகமாட்டார். சாமிக்குக் கற்பூரம் காட்டின கையும் அதுதான். இரண்டும் ஒரே கையில் எப்படி இருக்கிறது என்று நான் சாமுண்டி தாயிடம் கேட்டு அழுதிருக்கிறேன். அவள் ஈட்டியால் அசுரனைக் குத்தினவள், அவளுக்குத் தெரியாதா என்று நினைத்துக்கொள்வேன். மைசூர் என்கிற எங்கள் ஊர்ப் பெயரே அவள் கொன்ற அந்த அசுரன் பெயரால் வந்ததுதான்.

கம்போடியாவில் அகழியைத் தாண்டிக் கோயிலுக்குப் போகிற பாதை வெகு நீளம். இரண்டு பக்கமும் கல்லில் நாகங்கள் படுத்திருக்கின்றன, பாதிக்கு மேல் தலை இல்லை. வழியில் நாலைந்து பேர் உட்கார்ந்து வாத்தியம் வாசித்தார்கள். ஒருவருக்குக் கால் இல்லை, ஒருவருக்குக் கண் இல்லை. சண்டைக்காலத்தில் பூமியில் புதைத்த வெடிகள் பறித்துக்கொண்டவை என்று எங்களோடு வந்த கைடு பெண் சொன்னதை, யாத்திரைக் கம்பெனி மேனேஜர் எங்களுக்கு எடுத்துச் சொன்னார். வாசலில் இருந்த சாமிகளுக்கும் அதே கதி. கழுத்தோடு அறுத்து எடுத்துக்கொண்டு போய் விற்றுவிட்டார்களாம். பின்னமான சிலையை வைத்துக் கும்பிடக்கூடாது என்று நாங்கள் ஆற்றில் விட்டுவிடுவோம். அங்கே தலையில்லாத சாமிக்கும் மஞ்சள் துணி கட்டி, பத்தி ஏற்றி, பூ வைத்துக் கும்பிடுகிறார்கள். அக்கா அதையே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கேயும் ஊதுபத்தி ஏற்றுகிறார்கள் என்றதும் மாமாவுக்குத் தைரியம் வந்துவிட்டது. காலையில் சந்தையில் அவரே தட்டிப் பார்த்து வாங்கின தேங்காய் பையில் இருந்தது. அக்கா மெதுவாகத்தான் சொன்னாள்: "ஏனுங், இங்க ஒடைக்கலாமான்னு அந்த மேனேஜரை ஒரு வார்த்தை கேட்டுக்கலாமுங்க."

"சாமிக்குத் தேங்கா ஒடைக்க எவனைக் கேக்கோணும்? அதா, அவிய பத்தி கொளுத்தலையா? வாயை வெச்சுட்டுச் சும்மா வா."

அப்புறம்தான் தேங்காயைப் படியில் அடித்த அந்த அடி. காவலர்கள் மூன்று பேர் ஓடி வந்தார்கள். ஒருவர் மண்டியிட்டுத் தன் கழுத்துத் துண்டை அவிழ்த்து, கல்லில் வழிந்த தண்ணீரை ஒற்றி எடுத்தார். இன்னொருவர் படியில் ஒரு சின்ன வெள்ளைத் தழும்பைக் காட்டி, தொண்டை கிழியக் கத்தினார். மேனேஜர் மைசூர்க் கன்னடக்காரர், பயந்துபோனால் கன்னடம் கலந்த தமிழ் வந்துவிடும் அவருக்கு. "சார், பழைய கல்லு சார் இது, தொடவே கூடாது சார், கேக்கறது பேடவா, கேக்க வேணாமா சார்" என்று கையைப் பிசைந்தார். சுற்றிலும் செல்போனை நீட்டிப் படம் பிடித்தார்கள். அக்கா குனிந்து தேங்காய்ச் சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் சொன்னது சரியாகப் போய்விட்டது. அவள் செய்த குற்றம் அவ்வளவுதான்.

மாமா அவளைக் கொண்டையைப் பிடித்து நிமிர்த்தி அறைந்தார். தோடு காதைக் கிழித்துக்கொண்டு தெறித்தது. இரண்டாவது அறையில் அவள் படியில் விழுந்தாள். மூன்றாவதுக்குக் கை ஓங்கினபோது, மண்டியிட்டிருந்த அந்தக் காவலர் எழுந்து மாமாவின் மணிக்கட்டைப் பிடித்தார்.

கொள்ளேகாலில் அந்தக் கையை யாரும் பிடித்ததில்லை. எங்கள் அப்பா பிடித்ததில்லை, அண்ணன் தம்பிகள் பிடித்ததில்லை. புருஷன் பெண்சாதி விவகாரம் என்று வாசலோடு நின்றுகொள்வார்கள். மொழி தெரியாத, நாங்கள் யார் எவர் என்று தெரியாத ஒரு மனுஷன் பிடித்தார். நரைத்த தலை, ஒல்லி உடம்பு. மாமா அவர் நெஞ்சில் ஒரு குத்து விட்டார், முட்டியால் வயிற்றில் இடித்தார். பிடி விடவில்லை. மற்ற இருவரும் பாய்ந்து மாமாவைக் குப்புறத் தள்ளி முதுகில் முழங்காலை வைத்தார்கள். நெற்றித் திருநீறு கல்லில் அப்பிக்கொண்டது. வாயிலிருந்து ரத்தமும் கெட்ட வார்த்தையும் சேர்ந்து வந்தன. "பேடா சார், இது ஃபாரின் சார்" என்று மேனேஜர் அழாத குறை. நான் அக்காவைத் தூக்கி உட்கார வைத்துக் காதை முந்தானையால் அழுத்தினேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தது அந்த நரைத்த காவலரைத்தான்.

"அம்மிணி, அந்தாளு உசரத்தைப் பாரு" என்றாள். "எம்பட தோளுக்குத்தான் வருவான்."

மாமாவைக் காவல் அறைக்குக் கூட்டிப் போனார்கள். மேனேஜரின் உதவியாளர் கூடப் போனார். மன்னிப்பு எழுதி வாங்கிக்கொண்டு சாயங்காலம் விட்டுவிடுவார்கள் என்று சொன்னார்கள். அக்காவைப் பஸ்ஸில் உட்காரச் சொன்னதற்கு, "இவ்வளவு தூரம் வந்துட்டுச் சாமி பாக்காமப் போறதா" என்று எழுந்துவிட்டாள். காதில் பஞ்சு வைத்துக் கட்டிக்கொண்டு நடந்தாள்.

அந்தக் கோயில் சுவரெல்லாம் சண்டை. இவ்வளவு சண்டையை ஒரு கோயிலில் நான் பார்த்ததே இல்லை. வலது பக்கம் திரும்பினால் குருக்ஷேத்திரம். கை வைக்க இடமில்லாமல் செதுக்கியிருக்கிறார்கள். யானை மிதித்து நசுங்கினவன், தேர்ச் சக்கரத்தில் சிக்கினவன், குதிரையோடு சாய்ந்தவன், ஈட்டி தொண்டையில் இறங்கி வாய் திறந்தபடி நிற்கிறவன். பீஷ்மர் அம்புப் படுக்கையில் கிடக்கிறார். பார்த்தவர்கள் கைபட்டுக் கைபட்டுக் கல் எண்ணெய் தேய்த்த மாதிரிக் கறுத்து மின்னுகிறது. செதுக்கினவர் உளியைப் பிடித்தபோது யார்மேல் கோபமாக இருந்தாரோ என்று எனக்குத் தோன்றியது. ஒவ்வொரு முகத்திலும் வலி தனித்தனியாக இருந்தது. நாம் ஊரில் பார்க்கிற சண்டைச் சிற்பத்தில் செத்தவனும் அழகாகத்தான் செத்திருப்பான். இங்கே அப்படி இல்லை.

மூலை திரும்பினால் எமலோகம். எமதர்மன் எருமைமேல் இருக்கிறான், கை நிறைய ஆயுதம். பக்கத்தில் சித்திரகுப்தன் தீர்ப்புச் சொல்கிறான். பாவம் செய்தவர்களைத் தரையில் ஒரு துவாரம் வழியாகத் தலைகீழாகக் கீழே தள்ளுகிறார்கள். கீழே மூக்கில் கயிறு போட்டு மாட்டைப் போல் இழுக்கிறார்கள். ஒருவனை உரலில் போட்டு இடிக்கிறார்கள். ஒருவனுக்கு உடம்பு முழுக்க ஆணி. சதையெல்லாம் வற்றி எலும்பாக ஒரு கூட்டம் தொங்குகிறது. எந்தப் பாவத்துக்கு எந்த நரகம் என்று மேலே கல்லிலேயே எழுதியிருப்பதாகக் கைடு பெண் சொன்னாள். அரிசி திருடினவனுக்கு, கோயில் சொத்தைத் தொட்டவனுக்கு, அடுத்தவன் நிலத்தைப் பிடுங்கினவனுக்கு என்று அவள் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தாள்.

அக்கா மேனேஜரின் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். எங்கள் கூட்டத்தில் அதுவரை அவளாகப் போய் யாரிடமும் பேசினதில்லை.

"பொண்டாட்டிய அடிக்கறவனுக்கு எதுன்னு அந்தப் புள்ளையக் கேளுங்க."

மேனேஜருக்கு முகம் சுருங்கிப்போனது. "அம்மா, சொல்ப, கொஞ்சம் ரெஸ்ட் எடுங்கம்மா" என்றார்.

"கேளுங்கன்னா கேளுங்க."

அவர் கேட்டார். கைடு பெண் அக்காவின் காதைப் பார்த்தாள். பிறகு சுவரின் இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரைக்கும் நடந்து, அண்ணாந்து பார்த்துக்கொண்டே திரும்பி வந்தாள். தனக்குத் தெரிந்து அப்படி எதுவும் இல்லை, சில இடங்களில் எழுத்து அழிந்துவிட்டது என்றாள்.

"அரிசி திருடினவனுக்கு இருக்குது" என்றாள் அக்கா. "இதுக்கு இல்லை." கொஞ்ச நேரம் எமனையே பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். கிழிந்த காது வலிக்க, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நான் பாரு அம்மிணி, இத்தன நாளா இவன் பாத்துக்குவான், இவன் பாத்துக்குவான்னு உக்காந்திருந்தேன்."

எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. சாமியை அப்படிச் சொல்லக்கூடாது என்றுதான் பட்டது. அழிந்துபோன இடத்தில் அது இருந்திருக்கும் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

மறுநாள் கைவேலைகளைக் காட்டக் கூட்டிப் போனார்கள். மாமாவும் வந்தார். உதடு வீங்கியிருந்தது, யாரோடும் பேசவில்லை. அக்காவின் பக்கத்தில் போகும்போது மட்டும், "ஊருக்கு வா, இருக்குது உனக்கு" என்று எனக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். அந்த இடத்தில் ஒரு கொட்டகையில் கல் செதுக்கினார்கள், ஒன்றில் வெள்ளிக் கிண்ணம் தட்டினார்கள். வெள்ளி தட்டினவர்களில் இரண்டு பேருக்குக் கட்டைக் கால். சுத்தியல் சத்தம் விழ விழ எனக்கு ஒவ்வொரு அடிக்கும் தோள் தூக்கிப் போட்டது. கடைசிக் கொட்டகையில் பட்டு. அங்கே கூடு வெள்ளையாக இல்லை, மஞ்சள் கிழங்கு நிறம். அடுப்பில் மண்சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு நடுவயசுப் பெண் குச்சியால் கூட்டைக் கிளறி, இழையைப் பிடித்துத் தூக்கி ராட்டையில் கொடுத்தாள். நூல் எடுத்தபின் உள்ளே வெந்து கிடக்கிற புழுவை அங்கே தின்பார்களாம். ஒரு தட்டில் எடுத்து நீட்டினாள். எங்கள் கூட்டம் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அக்கா போய் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சட்டியில் விரல் விட்டு ஒரு இழையைத் தூக்கினாள். பழக்கம், வேறொன்றுமில்லை. அந்தப் பெண் ராட்டையைச் சுற்ற, இவள் இழை கொடுக்க, இரண்டு பேரும் ஒரே வீட்டு மருமகள்கள் மாதிரி இருந்தார்கள். அப்போது அந்தப் பெண்ணுக்கு அக்காவின் இடது கை கண்ணில் பட்டது. சட்டியைக் காட்டி, கையைக் காட்டி, என்ன ஆயிற்று என்கிற மாதிரி முகத்தைச் சுளித்தாள்.

அக்கா சொன்னாள். தமிழில்தான் சொன்னாள், எங்கள் கொள்ளேகால் தமிழில். "எம்பட ஊட்டுக்காரரு முக்கினாருங்க. நூலு அறுந்துபோச்சுன்னு. முழங்கையப் புடிச்சு, கொதிக்கற தண்ணில. நான் கத்துனேன். பக்கத்து ஊட்டுல ரேடியோவச் சத்தமா வெச்சுக்கிட்டாங்க." கை நிற்கவில்லை, இழை அறுபடவில்லை. இடுப்பில் உதைத்ததில் ஒரு கர்ப்பம் கலைந்ததைச் சொன்னாள். எனக்கே அது தெரியாது. பல்லை உடைத்ததைச் சொன்னாள். நேற்று நடந்ததைச் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு ஒரு சொல் புரிந்திருக்காது. ராட்டையை நிறுத்தாமல், அக்காவின் முகத்தையே பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

ஆனால் எங்கள் கூட்டம் முழுக்க மைசூர்ப் பக்கத்துக்காரர்கள். பாதிப் பேர் தமிழர்கள், மீதிப் பேருக்கும் தமிழ் புரியும். மேல்கோட்டையிலிருந்து வந்திருந்த ஒரு அம்மாள் மட்டும் மாமா பக்கம் திரும்பி, "நீரெல்லாம் தேங்காய் உடைச்சு என்னத்துக்கு ஓய்" என்றாள். மாமா வெளியே போய்விட்டார்.

மைசூர் வந்து இறங்கினதும் மாமா கொள்ளேகால் பஸ்ஸுக்குப் பையைத் தூக்கினார். அக்கா, "நான் அம்மிணி ஊட்டுல இருக்கறேனுங்" என்றாள். கூட வந்தவர்கள் சுற்றி நின்றதால் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு தனியாகப் போனார். மகள் பெங்களூரிலிருந்து போன் செய்தாள். "எத்தன நாள்மா?" என்று கேட்டதற்கு அக்கா, "தெரியலை சாமி" என்றுதான் சொன்னாள். அவளுக்கே அது முடிவாகியிருக்கவில்லை. காலையில் எழுந்து, அங்கே கூட்டை யார் வேகவைக்கிறார்களோ என்று கவலைப்படுவாள். ராத்திரிச் சோற்றுக்கு அவர் என்ன செய்வார் என்பாள். இவள் திரும்பிப் போய்விடுவாள் என்று நான் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து பயந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை முன்மாலையில் மாமா வந்தார். கூடவே அவருடைய அண்ணனையும் கூட்டி வந்திருந்தார். அண்ணன் நல்ல மனுஷர், நயமாகப் பேசினார்.

"ஊரு சிரிக்குதம்மிணி. புள்ளைக்கு நாளைக்கு ஒரு நல்லது கெட்டது பாக்கோணும். கோவத்துல கை நீட்டறதுதான், யாரு ஊட்டுல இல்ல? கெளம்பு."

அக்கா உள்ளே போய் எல்லோருக்கும் காப்பி கொண்டு வந்தாள். மாமாவுக்குச் சர்க்கரை வியாதி. அவர் டம்ளரில் சர்க்கரை போடாமல், மறக்காமல், தனியாகக் கொண்டு வந்து வைத்தாள். அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. மாமாவின் முகம் தெளிந்தது. "துணிமணிய எடுத்து வை" என்றார்.

"காப்பி ஆறுதுங்க" என்றாள் அக்கா. "குடிச்சுட்டு நீங்க கெளம்புங்க. நான் வரலைங்."

டம்ளர் பறந்து வந்ததை நான் பார்க்கவில்லை, சத்தம்தான் கேட்டது. பித்தளை டம்ளர், விளிம்பு அவள் புருவத்துக்கு மேலே வெட்டியது. சூடான காப்பியும் ரத்தமும் கழுத்தில் இறங்கின. மாமா நாற்காலியைத் தூக்கினார். என் வீட்டுக்காரர் குறுக்கே விழுந்து அந்த அடியைத் தோளில் வாங்கிக்கொண்டார். நான் கத்தின கத்தலில் எதிர் வீட்டுப் பையன்களும் இஸ்திரிக் கடைக்காரரும் ஓடி வந்து மாமாவைச் சுவரோடு அமுக்கினார்கள். அண்ணன் உட்கார்ந்த இடத்தில் காப்பி டம்ளரைப் பிடித்தபடியே இருந்தார்.

நான் ஈரத்துணியோடு ஓடினேன். அக்கா என் கையைத் தள்ளினாள்.

"தொடைக்காத அம்மிணி. போலீஸ் ஸ்டேசன் எந்தப் பக்கம்?"

"ஆட்டோ கூப்பிடறேன், இரு அக்கா."

"வேண்டாம். நடந்தே போலாம்."

நடந்தோம். வெள்ளிக்கிழமை சாயங்கால நேரம், அக்ரஹாரம் என்கிற எங்கள் பேட்டையில் ஜனம் நெரிசலாக இருந்தது. கோயில் வாசலில் பூ வாங்குகிறவர்கள், தேர்முட்டிப் பக்கம் ஸ்கூட்டரை நிறுத்துகிறவர்கள், மளிகைக்கடையில் நிற்கிறவர்கள். ரத்தம் அக்காவின் ஒரு கண்ணை மூடிவிட்டது. மூக்கோரமாக இறங்கி, ரவிக்கையில் சொட்டியது. அவள் கையைக் கொண்டுபோய்த் துடைக்கவில்லை, முந்தானையை இழுத்து மறைக்கவில்லை. பூக்காரம்மா எழுந்து நின்று என்ன ஆயிற்று என்றாள். அர்ச்சகர் படியிலிருந்து இறங்கி வந்து கேட்டார். "எம்பட ஊட்டுக்காரரு அடிச்சாருங்க" என்றாள் அக்கா. கன்னடத்தில் கேட்டவர்களுக்குக் கன்னடத்தில் சொன்னாள், தமிழில் கேட்டவர்களுக்குத் தமிழில் சொன்னாள். பார்த்தும் பார்க்காத மாதிரித் தலையைத் திருப்பிக்கொண்டவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு முன்னாலும் போய் நின்று சொன்னாள்.